பழைய கார் ஹில் க்ளைம்ப்: முதல் தடவை பாக்கப் போறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

கார் பைத்தியம்னு பேர் வாங்கினதுல இருந்து எனக்கு வர்ற கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். நான் ஓட்டுற ஆள் இல்ல, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்குற ஆள், அதை மனசுல வெச்சுட்டுப் படிங்க.

ஹில் க்ளைம்ப்னா என்ன, ரேஸா?

ரேஸ்தான், ஆனா பக்கத்துல இன்னொரு கார் இருக்காது. ஒரு மேட்டு ரோடு, கீழ ஒரு கோடு, மேல ஒரு கோடு, ஒரு நேரத்துல ஒரே ஒரு கார், எவ்வளவு செகண்ட்ல மேல போகுதுன்னு கணக்கு, அவ்வளவுதான். காலைல ரெண்டு தடவை பிராக்டிஸ், மதியத்துக்கு மேல நேரம் கணக்குல சேர்ற ரெண்டு ரன், பெரும்பாலான இடத்துல இதான் வழக்கம். கார் ஓட ஆரம்பிச்ச காலத்துலயே இது வந்துடுச்சு, பிரான்ஸ்ல நீஸ் நகரத்துக்கு மேல இருக்குற லா டுர்பி மேட்டுல 1897லயே ஏறியிருக்காங்க. அந்தக் காலத்துல ஒரு கார் மேட்டுல ஏறிடுச்சுன்னாலே அது நல்ல கார்னு அர்த்தம். நெறைய கார் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்னுடும், ஆளுங்க இறங்கித் தள்ளணும்.

இங்கிலாந்துல ஷெல்ஸ்லி வால்ஷ்னு ஒரு மேடு இருக்கு, 1905 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் அதே ரோட்டுலதான் ஓட்டுறாங்க. நீளம் 1000 கஜம், அதாவது ஒரு கிலோமீட்டர்கூட இல்ல, உயரம் சுமார் 100 மீட்டர். இப்ப இருக்குற ஸ்பெஷல் கார்ங்க இதை 23 செகண்டுக்கும் கம்மியாவே முடிக்குது.

அரை நிமிஷத்துல முடியிற விஷயத்துக்கு ஒரு முழு நாளா?

எல்லாரும் கேக்குறது இதைத்தான், நானும் முதல் தடவை இதைத்தான் நெனச்சேன். நீங்க ரோட்டை மட்டும் பாக்கப் போனீங்கன்னா கண்டிப்பா ஏமாந்துதான் வருவீங்க. ஒரு கார் உங்க கண்ணுக்கு முன்னாடி இருக்குறது நாலஞ்சு செகண்ட், அப்புறம் அடுத்த கார் வர வரைக்கும் வெறும் ரோடு. ஆனா ஒரு நாள்ல நடக்குறதுல ரோட்டுல நடக்குறது கால்வாசிகூட இல்ல. மிச்சம் எல்லாம் பேடாக்ல, அதாவது கார்ங்களை நிறுத்தி வெச்சு வேலை பாக்குற இடத்துல. மியூசியத்துல கயிறு கட்டி வெச்சிருக்குற கார் இங்க பானட்டைத் திறந்து போட்டு, கீழ ஒரு பழைய பேக்கிங் டிரேல எண்ணெய் சொட்டிக்கிட்டு, பக்கத்துல ஒருத்தர் மண்டையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்குறாரு. நீங்க ரெண்டு அடி தூரத்துல நின்னு அதைப் பாக்கலாம். எனக்கு இதுதான் டிக்கெட்டுக்கான காசு, மேல ஏறுறது போனஸ்.

எத்தனை மணிக்குப் போகணும்?

கேட் திறக்கும்போது. நான் முதல் தடவை பதினொரு மணிக்கு ஆடி அசைஞ்சு போனேன், பிராக்டிஸ் பாதி முடிஞ்சிருந்துது, அதுக்கு மேல நேரா போய் ஃபினிஷ் லைன் பக்கத்துல இடம் பிடிச்சேன், ஃபினிஷ் லைன்னா ஏதோ பெரிய விஷயம்னு நெனப்பு. அங்க என்ன தெரியும்னா கார் சர்ருனு வரும், கோட்டைத் தாண்டும், பிரேக் போடும். யார் ஜெயிச்சான்னுகூட அங்க நின்னா தெரியாது. ஒன்றரை மணி நேரம் அப்படியே நின்னேன்.

காலைல சீக்கிரம் போனா கெடைக்குறது இன்னொண்ணு, என்ஜின் சூடு பண்றது. பழைய ரேஸ் என்ஜினை நம்ம கார் மாதிரி சாவியைத் திருப்பி உடனே ஓட்ட முடியாது. முதல்ல சாதாரண ஸ்பார்க் பிளக் போட்டு மெதுவா ஓட விட்டு, எண்ணெய் நல்லா சூடானதும் என்ஜினை நிறுத்தி, அந்தப் பிளக்கை எல்லாம் ஒண்ணொண்ணா கழட்டிட்டு ரேஸுக்குன்னு இருக்குற பிளக்கை மாட்டுவாங்க. ரேஸ் பிளக் போட்டு குளிர்ந்த என்ஜினை ஓட்டினா அது கரி பிடிச்சு அடைச்சுக்கும், சாதா பிளக் போட்டு முழு வேகத்துல ஓட்டினா பிளக் உருகிப் போய் பிஸ்டனுக்கே ஆபத்து. ஒருத்தர் சூடான பிளக்கைத் துணியால பிடிச்சு எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிட்டு, அதோட முனை என்ன கலர்ல இருக்குன்னு வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. டாக்டர் எக்ஸ்ரே பாக்குற மாதிரியே இருந்துது. பழுப்பா இருந்தா சந்தோஷம், கறுப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளையா வெளுத்திருந்தா பெட்ரோல் கம்மி, கார்புரேட்டர்ல கை வைக்கணும்.

சரி, ஃபினிஷ் வேண்டாம்னா எங்க நிக்கணும்?

ஒரே இடத்துல நிக்காதீங்க. காலைல பேடாக், பிராக்டிஸ் நேரத்துல ஸ்டார்ட் லைன், மதியம் ஒரு வளைவு. வளைவுன்னா கொண்டை ஊசி வளைவு இருந்தா அதுதான். இங்கிலாந்துலயே ப்ரெஸ்காட்னு இன்னொரு மேடு, புகாட்டி ஓனர்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது, 1938ல முதல் போட்டி நடந்துது, அங்க பார்டன்னு ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கு. அந்த மாதிரி இடத்துல கார் மெதுவா வரும், அதனால டிரைவர் கை என்ன பண்ணுது, எப்ப கியர் மாத்துறாரு, உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்குதான்னு எல்லாமே பாக்கலாம். வேகமான வளைவுல உங்களுக்கு மிஞ்சுறது சத்தம் மட்டும்தான்.

வேலிக்குப் பின்னாடி நிக்கணும்னு நான் சொல்லத் தேவையில்ல. மார்ஷல், அதாவது ரோட்டோரத்துல பாதுகாப்பைப் பாத்துக்குற ஆள், ஒரு இடத்துல நிக்காதீங்கன்னா வாதாடாம நகர்ந்துடுங்க, அவருக்கு அந்த வளைவுல கார் எந்தப் பக்கம் போய் முட்டும்னு தெரியும்.

ஸ்டார்ட்ல என்ன இருக்கு பாக்க?

நெறைய இருக்கு. ரோடே சாய்வா இருக்குறதால கார் பின்னாடி உருளும், அதனால கோட்டுக்கு வந்ததும் மார்ஷல் ஒருத்தர் பின் சக்கரத்துக்கு அடியில ஒரு கட்டையைச் சொருகுவாரு, நீளமான கைப்பிடி வெச்ச கட்டை. நம்ம ஊர் பேச்சுல முட்டுக்கட்டை போடுறான்னா கெடுக்குறான்னு அர்த்தம், இங்க அது இல்லாம கார் நகராது. டிரைவர் பிரேக்கை விட்டுட்டு கிளட்ச்லயும் ஆக்ஸிலரேட்டர்லயும் மட்டும் கவனம் வெக்கலாம்.

அடுத்து பச்சை விளக்கு. இதுல பலருக்குக் குழப்பம் வரும். விளக்கு பச்சை ஆனதும் பாஞ்சு போகணும்னு அவசியம் இல்ல, "ரோடு காலியா இருக்கு, உனக்கு எப்ப தோணுதோ அப்ப போ"ன்னு அர்த்தம். கார் நகர்ந்து ஒரு ஒளிக்கற்றையை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதுக்காகத்தான் சில காருக்கு மூக்குல செங்குத்தா ஒரு தகடு நீட்டிக்கிட்டு இருக்கும், பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா அதுதான் ஒளியைச் சரியா வெட்டுது.

கிளம்பி முதல் 64 அடிக்கு எவ்வளவு நேரம்னும் தனியா கணக்கு எடுப்பாங்க. டிரைவருங்க மொத்த நேரத்தைவிட இதைப் பத்திதான் அதிகமா பேசுவாங்க, ஏன்னா 64 அடி நல்லா வந்தும் மொத்த நேரம் மோசம்னா தப்பு கார்ல இல்ல, ஓட்டின ஆள்கிட்ட.

எந்தெந்தக் காரைப் பாக்காம வந்துடக் கூடாது?

என் லிஸ்ட் ரொம்ப ஒருதலைப்பட்சமானது, முன்னாடியே சொல்லிடுறேன்.

முதல்ல செயின் ஓடுற ஃப்ரேஸர் நாஷ். 1920கள், 30கள்ல வந்த கார், என்ஜின் சக்தி பின் அச்சுக்குப் போறது செயின் வழியா, அதுவும் ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி செயின். டிஃபரன்ஷியல் கிடையாது, ரெண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்துலதான் சுத்தும், அதனால வளைவுல வண்டி திரும்ப மாட்டேன்னு அடம் பிடிக்கும், டிரைவர் பின்பக்கத்தை வேணும்னே வெளிய வீசித்தான் திருப்பணும். பாக்குறவங்களுக்கு இதைவிட வேற என்ன வேணும்? இதுக்கு முன்னாடி வந்த, இதோட மூத்த அண்ணன் மாதிரியான கார் ஜிஎன், அதை வெச்சுக் கட்டின ஸ்பைடர்னு ஒரு கார்ல பேஸில் டேவன்போர்ட்னு ஒருத்தர் 1920கள் கடைசியில ஷெல்ஸ்லி சாதனையையே கையில வெச்சிருந்தாரு. ரெண்டு சிலிண்டர், எலும்புக்கூடு மாதிரி பாடி.

ரெண்டாவது புகாட்டி டைப் 35. 1924ல வந்தது, எட்டு சிலிண்டர், அலுமினியத்துல வார்த்த சக்கரம். அழகான கார்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல, சத்தத்தை மட்டும் கேளுங்க, துணியைக் கிழிக்குற மாதிரி இருக்கும்.

மூணாவது இஆர்ஏ. 1933ல ஆரம்பிச்ச இங்கிலீஷ் கம்பெனி, ஆறு சிலிண்டர், என்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற சூப்பர்சார்ஜர். இதோட கியர்பாக்ஸ் வேடிக்கையானது, அடுத்து எந்த கியர் வேணும்னு லீவர்ல முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வெச்சுடலாம், நேரம் வரும்போது காலால பெடலை ஒரு மிதி மிதிச்சா அந்த கியர் விழும். அதனால வளைவுக்கு நடுவுல ரெண்டு கையும் ஸ்டியரிங்லயே இருக்கும். ஷெல்ஸ்லில 40 செகண்டுக்குள்ள முதல்ல ஏறினது ரேமண்ட் மேஸ், 1935ல, இதே இஆர்ஏலதான், 39.6 செகண்ட். சில இஆர்ஏவுக்குப் பின்னாடி பக்கத்துக்கு ரெண்டு சக்கரம் லாரி மாதிரி மாட்டியிருப்பாங்க, மேட்டுல ஏறும்போது எடையெல்லாம் பின்னாடி போகுது, அந்த எடையை ரோட்டுல பிடிப்பா மாத்த ரப்பர் ஜாஸ்தி வேணும்.

அப்புறம் சின்னச் சின்ன 500 சிசி கூப்பர்ங்க. பைக் என்ஜினைப் பின்னாடி வெச்ச கார். பின்னாடி பெரிய ரேஸ் டிரைவரான ஸ்டிர்லிங் மாஸ் 1948ல ப்ரெஸ்காட் மேட்டுல ஓட்டினது இதைத்தான், அப்ப அவருக்கு வயசு 18.

பூதம் மாதிரி பெருசு வேணும்னா ஃபியட் எஸ்76, நாலே சிலிண்டர்ல 28 லிட்டருக்கு மேல, நூறு வருஷத்துக்கு முந்தின கார், 2015ல இங்கிலாந்துல குட்வுட்ங்கிற இடத்து மேட்டுல திரும்ப ஓடுச்சு. பக்கவாட்டுல இருந்து நெருப்பு கக்கும், பொய் இல்ல.

வின்டேஜ், வெட்டரன், கிளாசிக் எல்லாம் ஒண்ணுதானே?

பேடாக்ல அப்படிச் சொல்லிடாதீங்க, முறைப்பாங்க. பிரிட்டிஷ் வழக்கப்படி 1904 வரைக்கும் வந்தது வெட்டரன், 1905ல இருந்து 1918 வரைக்கும் எட்வர்டியன், 1919ல இருந்து 1930 வரைக்கும் வின்டேஜ். கிளாசிக்ங்கிறது பொதுவான வார்த்தை, யார் வேணா எதுக்கு வேணா சொல்லிக்கலாம்.

ஒரு மாதிரி இனிப்பா வாசனை வருதே, அது என்ன?

விளக்கெண்ணெய். நெஜமாத்தான். ஆமணக்குல இருந்து எடுக்குற அதே எண்ணெய்தான் பழைய ரேஸ் என்ஜினுக்கு ஊத்துறது, காஸ்ட்ரால்ங்கிற பேரே அதுக்கு இங்கிலீஷ்ல இருக்குற பேர்ல இருந்துதான் வந்துது. ரொம்பச் சூட்டுலயும் உலோகத்தை விட்டுப் பிரியாம ஒட்டிக்கிட்டு இருக்கும், பெட்ரோலுக்குப் பதிலா மெத்தனால்ங்கிற ஆல்கஹாலை எரிக்குற என்ஜின்ல மினரல் ஆயிலைவிட இது நல்லா தாங்கும். கெட்ட குணம் என்னன்னா கொஞ்ச நாள் விட்டா பிசின் மாதிரி இறுகிடும், அதனால அடிக்கடி மாத்தணும். சின்ன வயசுல வயித்தைச் சுத்தம் பண்ண இதைக் குடிக்க வெச்சவங்க வீட்டுல வளர்ந்த ஆளுக்கு, இந்த வாசனைக்கு வெள்ளைக்காரங்க கண்ணை மூடி மயங்குறதைப் பாத்தா சிரிப்பு வராம இருக்காது. ஆனா ரெண்டு மூணு தடவை போனதும் நானும் மயங்க ஆரம்பிச்சுட்டேன்.

மழை வந்தா திரும்பி வந்துடலாமா?

ஐயோ, மழைலதான் இருக்கணும்! காய்ஞ்ச ரோட்டுல குதிரைசக்தி ஜெயிக்கும், ஈர ரோட்டுல கால் ஜெயிக்கும், அதாவது பெடலை மிதிக்குற கால். ஜெர்மன்காரர் ஹன்ஸ் ஸ்டக், மலை ராஜான்னே பேர் வாங்கின ஆள், 1930ல ஷெல்ஸ்லிக்கு ஆஸ்ட்ரோ-டெய்ம்லரோட வந்து 42.8 செகண்ட்ல ஏறி சாதனை பண்ணினாரு. 1936ல திரும்ப வந்தாரு, இந்தத் தடவை 16 சிலிண்டர் ஆட்டோ யூனியன், அந்தக் காலத்துல அதைவிடப் பயங்கரமான கார் ரெண்டு மூணுகூட இருக்காது. ரோடு ஈரம். அவரோட சொந்த 1930 நேரத்தையே அவரால தொட முடியல, சக்கரம் சுத்துது, கார் போக மாட்டேங்குது. அதனால மழைன்னா குடை வேண்டாம், குடை பின்னாடி நிக்குறவங்களுக்கு மறைக்கும், ரெயின்கோட்டும் சேறு தாங்குற ஷூவும் போதும்.

ரொம்ப நேரமா ஒரு காரும் வரலையே?

யாரோ எண்ணெயைக் கொட்டிட்டாங்க. ஒரு கார் பைப் விட்டுதுன்னா ரோடு பூரா கோடு போட்ட மாதிரி எண்ணெய், மார்ஷலுங்க சிமென்ட் பொடி தூவிப் பெருக்கிக்கிட்டு இருப்பாங்க. இல்லன்னா மேல ஏறின காருங்க கூட்டமா கீழ இறங்குற நேரமா இருக்கும், எல்லா மேட்டுலயும் தனியா இறங்குற ரோடு கிடையாது. அந்த இறங்குற ஊர்வலத்தைப் பாருங்க, ஹெல்மெட்டைக் கழட்டிட்டு கை ஆட்டிக்கிட்டே வருவாங்க, மூஞ்சியப் பாத்தே ரன் நல்லா போச்சா இல்லையான்னு சொல்லிடலாம்.

ஓனர்கிட்ட பேசலாமா? திட்டுவாங்களா?

திட்ட மாட்டாங்க, பேச்சை நிறுத்துறதுதான் கஷ்டம். ரெண்டு விஷயம் மட்டும். காருல கை வைக்காதீங்க, எக்ஸாஸ்ட் பைப் வெளிய இருக்கும், பளபளன்னு ஆறின மாதிரியே தெரியும், தொட்டா தோல் போயிடும். அவங்க வரிசைக்குப் போற அவசரத்துல இருக்கும்போது கேள்வி கேக்காதீங்க, ரன் முடிச்சுட்டு வந்து உக்காந்ததும் கேளுங்க. "எவ்வளவு விலை"ன்னு ஆரம்பிக்காதீங்க, "இதுல ரொம்பத் தொல்லை குடுக்குறது எது"ன்னு கேளுங்க, அரை மணி நேரம் ஓடிடும்.

ஒரு காருல ரெண்டு நம்பர் ஒட்டியிருந்தா ரெண்டு பேர் மாறி மாறி ஓட்டுறாங்கன்னு அர்த்தம். புருஷன் பொண்டாட்டி, அப்பா பொண்ணு, இப்படி. ஒரு அப்பாவும் பொண்ணும் ஒரே காருல ஓட்டினதைப் பாத்தேன், பொண்ணு அரை செகண்ட் வேகம். அப்பா அதுக்கப்புறம் டயர் காத்தை மூணு தடவை செக் பண்ணினாரு.

இவ்வளவு அரிய காரை மோதி உடைச்சுட்டா? பொத்திப் பாதுகாக்க வேண்டாமா?

இதுல ரெண்டு கட்சி இருக்கு, நான் ஓட்டணும்ங்கிற கட்சி. உடைஞ்ச தகட்டைத் தட்டி நிமுத்துற ஆளுங்க இன்னும் இருக்காங்க. ஓடாம வருஷக்கணக்கா நிக்குற காருல சீல் காயும், டேங்க் துருப்பிடிக்கும், அதைவிட முக்கியம், அதை எப்படி ஸ்டார்ட் பண்றதுன்னு தெரிஞ்ச கடைசி ஆளும் போயிடுவாரு. அந்தப் பிளக் மாத்துற விஷயத்தை எந்தக் கண்ணாடிப் பெட்டியும் சொல்லிக் குடுக்காது.

பசங்களைக் கூட்டிட்டுப் போலாமா?

தாராளமா. காதுக்கு மட்டும் மூடி வாங்கிடுங்க, சூப்பர்சார்ஜர் காருங்க பக்கத்துல ஸ்டார்ட் ஆகும்போது பெரியவங்களுக்கே காது அடைக்கும்.

போட்டோ எடுத்தா கார் நிறுத்தி வெச்ச மாதிரியே வருது, ஏன்?

ஷட்டர் ஸ்பீடு ஜாஸ்தி வெச்சிருப்பீங்க. ஆயிரத்துல ஒரு செகண்ட்னு வெச்சா சக்கரத்துக் கம்பி ஒவ்வொண்ணும் எண்ணலாம், கார் ரோட்டுல பார்க் பண்ணின மாதிரி இருக்கும். 125ல ஒரு செகண்ட்னு வெச்சு, காரோடவே கேமராவையும் திருப்பிக்கிட்டே அழுத்துங்க. பத்துல ஒம்பது கலங்கிப் போகும், ஒண்ணு நல்லா வரும். ஒரு யோசனை, முதல் ரன்ல கேமராவே எடுக்காதீங்க, சும்மா பாருங்க.

பெரிய மலையில நடக்குறதில்லையா?

நடக்குது. அமெரிக்காவுல பைக்ஸ் பீக், 1916ல ஆரம்பிச்சது, சுமார் 20 கிலோமீட்டர், 156 வளைவு, முடியிற இடம் 4300 மீட்டர் உயரம். மேல போகப் போகக் காத்து மெலிஞ்சு என்ஜினுக்கே மூச்சு முட்டும், அதனாலதான் 2018ல அங்க எட்டு நிமிஷத்துக்குள்ள முதல்ல ஏறினது மின்சாரக் கார், ஓட்டினது ரோமன் டுமா. ஸ்விட்சர்லாந்துல கிளவுசன் கணவாய் 1922ல இருந்து 1934 வரைக்கும் பேர்போன இடம். ஆனா பாக்குற ஆளுக்குச் சின்ன மேடுதான் நல்லது, பெரிய மலைல ஒரு வளைவுல உக்காந்தா நாள் பூரா அந்த ஒரு வளைவுதான், பேடாக்குக்கு இறங்கி வர முடியாது.

யார் ஜெயிச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?

மைக்ல ஒவ்வொரு நேரத்தையும் சொல்லுவாங்க, பாதி புரியாது. நிகழ்ச்சிப் புத்தகத்துல ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் கட்டம் இருக்கும், பேனாவால எழுதிக்குங்க. வயசு, என்ஜின் அளவுன்னு பிரிச்சு வகுப்பு வகுப்பா பரிசு, எல்லாத்துலயும் வேகமானவருக்குத் தனியா ஒண்ணு. நான் வேகமானவரைப் பாக்குறதில்ல, காலைல யாரோட பேசினேனோ அவரோட ரெண்டு ரன்னுக்கும் நடுவுல எத்தனை பத்துல ஒரு செகண்ட் கொறஞ்சுதுன்னு பாக்குறேன். தெரிஞ்ச ஆள் ஓட்டினா 48 செகண்டும் படபடப்பாத்தான் இருக்கும்.

எப்ப கெளம்பலாம்?

பரிசு குடுக்குறப்ப எல்லாரும் கெளம்பிடுவாங்க, நீங்க பேடாக்குக்குத் திரும்பிப் போங்க. நெறைய வின்டேஜ் காருங்க டிரெய்லர்ல வராது, ரோட்டுல ஓட்டியே வரும். காலைல கழட்டிப் புல்லுல வெச்ச மட்கார்டு, ஹெட்லைட், முன் கண்ணாடி எல்லாத்தையும் சாயங்காலம் திரும்ப மாட்டுவாங்க. போன தடவை ஒரு வயசான தம்பதி அப்படித்தான் மாட்டி முடிச்சு, உருட்டி வெச்ச கூடாரத்தையும் ஸ்பேர் சக்கரத்தையும் பின்னாடி கயிறு போட்டுக் கட்டினாங்க, அவர் முன்னாடி போய் ஹேண்டிலைச் சுத்தினாரு, ரெண்டாவது சுத்துலயே பிடிச்சுது. வெளிய போற வரிசையில நான் அவங்களுக்குப் பின்னாடி, என் கார்ல ஏசி ஓடுது, ஜன்னலை இறக்கி விட்டுட்டு அந்த விளக்கெண்ணெய்ப் புகையிலயே மெயின் ரோடு வரைக்கும் போனேன்.